மணற்பெட்டி டீச்சருக்கு, ஆணியில் மாட்ட ஒரு மடல்

தூத்துக்குடி வடதுறை உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோராண்டுக் காலம் அறிவியல் கற்பித்து, 31.8.1979 வெள்ளிக்கிழமையாகிய இன்று பணி நிறைவு பெறும் அமலோற்பவம் அம்மையார் அவர்களின் திருமுன், ஆசிரியர்களும் அலுவலர்களும் நெஞ்சு நிமிர்த்தி வாசித்தளிப்பது:

மணப்பாட்டுக் குன்றில் பிறந்து மன்னார்க் கடற்காற்றில் வளர்ந்த மாண்பே! செம்மணலும் வெண்மணலும் சேர்த்துச் சிறார் சிந்தையைச் செதுக்கிய செம்மலே! விடை சொன்ன பிள்ளையை விடவும் வினாத் தொடுத்த பிள்ளையை வியந்து நின்ற வித்தகமே! வளைக்க வந்தவர் கை வலிக்க, வளையாமல் நின்ற வைரமே!

விளிகள் இத்துடன் முடிந்தன. வழக்கப்படி இன்னும் ஒன்றரைப் பக்கம் வர வேண்டும். இப்பள்ளியின் பிரிவுபசார மடல்கள் அனைத்தையும் எழுதுபவர் தமிழாசிரியர் செந்தூர்பாண்டி. நாலு மணிக்கு முன்பே நூலகத்தைப் பூட்டிவிட்டுப் போன எழுத்தரையே ‘அறிவின் அணையா விளக்கே’ என்று அழைத்தவர். அவரைத் தாங்கள் போன வாரம் ஆசிரியர் அறையில் மடக்கி, “கலங்கரை விளக்கமேன்னு ஒரு வார்த்த வந்துச்சோ, நான் எந்திரிச்சுப் போயிருவேன், பாத்துக்கிடும்” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சொன்னால் செய்கிறவர் தாங்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். மாலையும் சால்வையும் மேடையில் இருக்க, நாயகி தெருவில் நடந்துகொண்டிருந்தால் விழா எங்களுக்கு அல்லவா கேவலம்?

ஆகவே ஒரு வழி கண்டோம். தங்களைத் தங்கள் முகத்துக்கு நேரே புகழ்ந்தால்தானே எழுந்து போவீர்கள்? இனி வருவது அமலோற்பவம் டீச்சர் என்ற ஒருவரின் கதை. அவரைத் தாங்கள் அறிந்திருக்கக் கூடும். ஆனாலும் யாரோ ஒருவரின் கதை போலக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருங்கள்.

மேடையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் தாளாளர் நயினார் அண்ணாச்சி அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மடலில் மணற்பெட்டி வரக்கூடாது, பணிக்காலமும் ஒழுக்கமும் நேரந்தவறாமையும் போதும் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார்கள். அவ்வண்ணமே ஒரு மடல் எழுதி, தட்டச்சு செய்து, அவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லி, அதன் நகல் இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. நாங்கள் வாசிப்பது அதுவல்ல. வரியைத் தேடித் தாளைப் புரட்ட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

ஏன் இந்தத் துணிச்சல் என்று கேட்டால், காரணம் ஒன்றே. டீச்சர் வீட்டுக்குப் போன கையோடு மணற்பெட்டி பழைய சாமான் அறைக்குப் போய்விட வேண்டும், இயற்கைத் தேர்வு என்ற பாடத்தை இனிப் புத்தகத்திலிருந்து வாசித்து முடித்துவிட வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. பெட்டி இருக்குமா, போகுமா? இன்றைய மாலையின் விஷயம் அதுதான். மற்றதெல்லாம் சந்தனமும் கற்கண்டும்.

கதைக்கு வருவோம்.

அமலோற்பவம் டீச்சருக்குக் கோபம் அதிகம். அதில் பெரும்பகுதி தன்மேலேயே வரும். பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒருமுறை, ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து ஏன் நீளம் என்று கேட்டிருந்தார். எட்டி எட்டி இலை தின்றதால் கழுத்து நீண்டது என்று வகுப்பு முழுதும் ஒரே குரலில் எழுதி வைத்திருந்தது. ஒருவன் அதற்கும் ஒருபடி மேலே போய், உப்பளத்துக் கொக்கு முழங்கால் நனையாமலிருக்க ஆசைப்பட்டதால் அதற்குக் கால் நீண்டது என்று நம் ஊர் எடுத்துக்காட்டும் கொடுத்திருந்தான். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த பிறகு அவருக்கு ஆற்றாமை வந்துவிட்டது. பிறக்கும்போதே கொஞ்சம் நீளக் கழுத்தோடு பிறந்தவை பிழைத்தன, அவற்றின் குட்டிகள் பெருகின என்று எத்தனை தடவை சொன்னோம்! சொன்னோமே தவிரக் காட்டினோமா? இந்தப் பிள்ளைகளில் யார் ஒட்டகச்சிவிங்கியைக் கண்டார்கள்?

துறைமுகத்தில் உடைந்து கிடந்த தேயிலைப் பெட்டிகளின் பலகைகளைக் கேட்டு வாங்கி, அகலமான மரப்பெட்டிகள் இரண்டு செய்யச் சொன்னார். ஒன்றில் நம் கடற்கரையின் வெள்ளை மணல். மற்றதற்குச் செம்மணல் வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி உடன்குடிப் பக்கம் போய், கருப்பட்டி வைக்கிற ஓலைக் கொட்டானில் தேரி மண்ணை அள்ளிக்கொண்டு திரும்பினார். கொட்டானில் என்ன என்று கேட்ட கண்டக்டரிடம் மண் என்றார். திருச்செந்தூர் வழியாக வருகிற பஸ் அல்லவா? கண்டக்டர் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, கொட்டானைத் தன் இருக்கைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டார். டீச்சர் அவரைத் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டது அந்த ஒன்றைத்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஆட்டம் எளிது. செம்மணலின் மேல் சிவப்புச் சிப்பியும் வெள்ளைச் சிப்பியும் பாதிக்குப் பாதி. பிள்ளைகள் கடற்காக்கைகள், பெட்டிக்கு முதுகு காட்டி நிற்பார்கள், இரண்டு விரல்தான் அலகு. டீச்சர் கை தட்டியதும் திரும்பி, கண்ணில் முதலில் படுகிற சிப்பியைக் கொத்த வேண்டும். மறுபடி தட்டினால் நிறுத்த வேண்டும். தப்பிப் பிழைத்துக் கிடக்கிற ஒவ்வொரு சிப்பிக்கும் அதே நிறத்தில் ஒரு பிள்ளை, டப்பாவிலிருந்து. பிறகு மறுபடி கைதட்டு, மறுபடி கொத்து. சில சுற்றுகளில் செம்மணல் முழுதும் சிவப்புச் சிப்பியாகிவிடும். பெட்டியை மாற்றி வெள்ளை மணலில் ஆடினால் எல்லாம் தலைகீழ். ஏதாவது ஒரு சிப்பியாவது நிறம் மாறிச்சா என்று டீச்சர் கேட்பார். இல்லை என்பார்கள். அப்படியானால் மாறியது எது? “கூட்டம் மாறிச்சு டீச்சர்” என்று ஏதாவது ஒரு மூலையிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரல் வருகிற அன்று டீச்சர் மத்தியானம் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார்.

இப்படிச் சில ஆண்டுகள் நன்றாகவே போயின. பிறகு 1970ஆம் ஆண்டு வந்தது. கூடவே ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார்.

அவர் பெயர் இந்த மடலுக்குத் தேவையில்லை. அவர் எழுதப்போகிற குறிப்பு என்ன செய்யும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். தலைமையாசிரியர் ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. அடுத்த முறை அமலோற்பவம் டீச்சருடையது. அதிகாரி ஒரு நல்ல வார்த்தை எழுதிவிட்டால் நாற்காலி உறுதி என்று பள்ளி முழுதும் பேச்சு. டீச்சருக்கும் அந்த நாற்காலி மேல் ஆசை இருந்தது. ஆசையில்லை என்று எழுதினால் அது பொய், பொய்க்கு அவர் மதிப்பெண் போடமாட்டார். ஒழுகாத ஓர் ஆய்வுக்கூடமும், பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறையும் கட்டிவிட வேண்டும் என்று அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அந்த ஆண்டு மழையில் கூரை ஒழுகி, டப்பாவில் ஒரே அளவாகத் தேர்ந்து வைத்திருந்த சிப்பிகள் பாசி பிடித்து நிறமிழந்துவிட்டன. கரையிலிருந்து புதிதாகப் பொறுக்கி வரும்படி பிள்ளைகளிடம் சொன்னார். நிறத்தைச் சொன்னார், அளவைச் சொல்லவில்லை. அவர்களும் கட்டைவிரல் பெரிதிலிருந்து சுண்டுவிரல் நகம் பெரிது வரை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். நிறத்துக்குத்தானே ஆட்டம், அளவு எப்படி இருந்தால் என்ன என்று டீச்சர் விட்டுவிட்டார். வர வேண்டிய விடையை முந்தின நாளே பெரிய சார்ட்டில் வண்ண மையால் எழுதி, சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியும் வைத்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் சார்ட்டைத் திருப்பினால் அதிகாரி அசந்து போவார் என்பது திட்டம்.

முதல் வரிசையில் இனிகோ நின்றான். அவனுடைய அப்பா கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற குளியாள். சங்கு எடுக்கிற பருவத்தில் பிள்ளைகள் கரையிலேயே கிடப்பார்கள். அங்கே ஒரு பலகை உண்டு, பலகையில் ஒரு வட்டத் துளை உண்டு. துளையில் தங்கினால் அது சங்கு. நுழைந்து விழுந்தால் அது சின்னச் சங்கு, உயிரோடு கடலுக்கே திரும்ப வேண்டும். பேசத் தொடங்குவதற்கு முன்பே இந்தத் துறைப் பிள்ளைகளின் கைக்கு அது தெரியும். டீச்சர் கை தட்டினார். இனிகோ திரும்பினான், கொத்தினான். கொத்திய சிப்பியை இரண்டு விரல் வளையத்துக்குள் விட்டுப் பார்த்தான். நழுவி விழுந்தது. அதை மணலிலேயே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தான். பக்கத்தில் நின்றவன் பார்த்தான், அவனும் அப்படியே செய்தான். இரண்டாவது சுற்றில் வகுப்பே விரலை வளைத்துக்கொண்டு நின்றது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியதைப் பைக்குள் போடு, சின்னதைத் திருப்பிப் போடு. எந்தக் காக்கையும் செய்யாத காரியம்.

டீச்சருக்குக் கைதட்டுவதிலும் பிள்ளைச் சிப்பி போடுவதிலும் கவனம். போடுகிறபோது நிறம் பார்த்தும் அளவு பார்த்தும் தாயைப் போலவே ஒன்று போட்டுக்கொண்டு வந்தார். கடைசிச் சுற்று முடிந்து, சார்ட்டைத் திருப்பப் போன கை பாதியில் நின்றது. பெட்டியில் சிவப்பும் இருந்தது, வெள்ளையும் இருந்தது, கிட்டத்தட்டச் சரிபாதி. ஆனால் எல்லாம் பொடிச் சிப்பி. பெரியது என்று சொல்ல ஒன்று கூட இல்லை.

அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தவறாகிவிட்டது, மறுபடி ஆடுவோம், இந்த முறை அளவு பார்க்காதீர்கள் என்று சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சார்ட்டும் சரியாகும், நாற்காலியும் சரியாகும். அந்த வார்த்தை டீச்சரின் நாக்கு நுனி வரை வந்தது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் கண் பெட்டியை விட்டு வரவில்லை. பார்க்கப் பார்க்க முகத்தில் சூடு ஏறியது, அது வெட்கத்தின் சூடு அல்ல.

இனிகோவிடம் என்ன செய்தாய் என்று கேட்டார். அவன் திட்டு விழும் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். “சின்னதை எடுக்கக் கூடாதுல்லா டீச்சர். எங்கப்பா திருப்பித்தான் போடுவாவ” என்றான். சரி, அதனால் பெட்டியில் என்ன ஆயிற்று என்று கேட்டார். அவன் எட்டிப் பார்த்தான். சின்னது தப்பித்தது, தப்பித்தது பெருகிவிட்டது என்றான். சிறிதாக இரு என்று சிப்பியிடம் யாராவது சொன்னார்களா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றது வகுப்பு.

அப்போதுதான் ராஹிலா எழுந்தாள். காயல்பட்டினத்துப் பெண், வருடம் முழுதும் வாயே திறக்காதவள். அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அப்ப கடல்ல கெடக்குத சங்கு என்ன டீச்சர் ஆவும்?”

முப்பத்தோராண்டில் பிள்ளைகள் தன்னிடம் கேட்ட கேள்விகளில் ஆகச் சிறந்தது அதுதான் என்று டீச்சர் இன்றும் சொல்வார். அன்றைக்கு அவர் சொன்ன பதில் நேர்மையான பதில். பெட்டி வேறு, கடல் வேறு. பெட்டியில் கிடப்பது வெறும் ஓடு, ஓடு வளராது. கடலில் சிறிய சங்கு என்பது பெரும்பாலும் குழந்தைச் சங்கு. வளர்ந்து குஞ்சு பொரிக்கட்டும் என்றுதான் நல்ல எண்ணத்தோடு அதை விடுகிறார்கள். ஆனால் வளர்ந்தும் சிறியதாகவே இருக்கிற சங்கு என்று சில உண்டா, காலப்போக்கில் அவைதான் மிஞ்சுமா? தெரியாது. போய்ப் பார்த்து, அளந்து, ஆண்டாண்டாகச் சேர்த்து வைத்தால்தான் தெரியும் என்றார்.

அதிகாரிக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. எழுந்து போய்ச் சார்ட்டைத் தாமே திருப்பிப் பார்த்தார். காக்கைக்கு அளவு தெரியாது, ஆகவே ஆட்டம் தோற்றுவிட்டது, சுவரில் மாட்டியிருக்கிற சார்ட்டில் உள்ளதே சரியான விடை, அதையே பிள்ளைகள் ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும் என்றார். போதாததற்கு, சட்டப்படி நடக்கிற ஒரு வழக்கத்தைப் பற்றிப் பிள்ளைகள் மனத்தில் சந்தேகம் விதைப்பது ஆசிரியருக்கு அழகல்ல என்றும் சேர்த்துக்கொண்டார். டீச்சர் போய்ச் சார்ட்டைக் கழற்றினார். சுருட்டி மேசைக்கு அடியில் வைத்தார்.

“பெட்டியில என்ன கெடக்கோ அதத்தான் பிள்ளைய எழுதும், ஐயா” என்றார்.

எழுதினார்கள். அதிகாரியும் எழுதினார். இரண்டும் ஒன்றாக இருக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாள் நயினார் அண்ணாச்சி வந்தார்கள். மடல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அண்ணாச்சி நல்ல மனிதர். வெயில் தாழ்வதற்குள் வந்து, டீச்சருக்கு இளநீரும் வாங்கி வந்திருந்தார்கள். கல்கத்தாவுக்கு வளையல் அறுக்கச் சங்கு அனுப்புகிற குடும்பம் அது. சங்கு சிறுத்துப் போகுமாம் என்று பள்ளிப் பிள்ளைகள் சந்தை வரை போய்ப் பேசிக்கொண்டிருந்தது அண்ணாச்சியின் காதுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கு வருகிற மானியமும் அதிகாரியின் குறிப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கோபப்படவில்லை, கெஞ்சாத குறையாகப் பேசினார்கள்.

“பாடம் தப்பாப் போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருங்க டீச்சர். நாற்காலி ஒங்களுக்குத்தான்.”

டீச்சர் இளநீரைக் குடித்து முடித்தார். அவர் மனத்துக்குள் ஒழுகாத கூரையும் கழிப்பறையும் வந்து போயின. ஒரு வரிதானே என்று ஒரு குரல் சொன்னது. அந்த ஒரு வரியை இனிகோ வாசிக்க நேர்ந்தால் என்ன நினைப்பான் என்று இன்னொரு குரல் கேட்டது. கண்ணால் கண்டதை எழுது என்று இத்தனை ஆண்டு சொன்ன வாய், நாளை எதைச் சொல்லும்?

“பாடம் தப்பாப் போகல அண்ணாச்சி. நான் முந்தியே எழுதி வச்ச விடைதான் தப்பு. அத வேணும்னா எழுதித் தாரேன்” என்றார்.

அப்படி ஒரு கடிதம் யாருக்கும் தேவைப்படவில்லை. நாற்காலி வேறொருவருக்குப் போனது. அவருக்குப் பின் இருவர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சர் உதவி ஆசிரியையாகவே இருந்து, இன்று உதவி ஆசிரியையாகவே விடைபெறுகிறார். ஆய்வுக்கூடக் கதவின் மேல் ஓர் ஆணி அடித்து, மணற்பெட்டி வைத்துப் பாடம் நடத்துவது பள்ளி வளாகத்துக்குள் தடை செய்யப்படுகிறது என்று கண்ணாடிச் சட்டமிட்ட ஓர் உத்தரவும் தொங்கவிடப்பட்டது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். டீச்சர் உத்தரவை நிதானமாக இரண்டு தடவை வாசித்தார். வளாகத்துக்குள்தானே தடை? வந்த சனிக்கிழமை காலையில் புடவைத் தலைப்பைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, பெட்டியை அதன் மேல் ஏற்றிக்கொண்டு, பத்தாம் வகுப்பு பின்னால் வரிசையாக வர, கடற்கரைச் சாலை வழியே நடந்தார். எதிரே கூடையோடு வந்த மீன்காரப் பெண்கள் என்ன மீன் என்று விசாரித்தார்கள். மீன் இல்லை, பாடம் என்று சொல்லிவிட்டு நடையைக் குறைக்காமல் போனார்.

அன்று கரையில் நடந்த கூத்தை ஊரே அறியும். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வந்து சூழ்ந்தார்கள். குளியாட்கள் வந்தார்கள். கடலில் சங்கு சிறுத்துத்தான் போயிற்று என்று ஒரு கட்சி, அதெல்லாம் பேத்தல் என்று ஒரு கட்சி, இரண்டும் டீச்சரைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னன. அளக்காமல் தீர்ப்புச் சொல்லமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். நிஜக் கடற்காக்கைகளும் வந்தன. அவை சிப்பிப் பக்கமே போகாமல் இனிகோவின் சோற்றுப் பொட்டலத்தைக் கொத்திக்கொண்டு பறந்தன. அன்றிலிருந்து ஒன்பது ஆண்டுகளாக ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை அந்தப் பெட்டி கரைக்குப் போய் வருகிறது. காக்கை ஆட்டம் ஒன்று, குளியாள் ஆட்டம் ஒன்று. தப்பாகப் போனதாகச் சொல்லப்பட்ட ஆட்டம் அப்படியே பாடத்தின் பாதியாகிவிட்டது. உத்தரவு ஆணியில் தொங்கிக்கொண்டேயிருந்தது. பாடமும் நடந்துகொண்டேயிருந்தது.

அமலோற்பவம் டீச்சர் என்ற ஒருவரின் கதை இவ்வளவுதான்.

மீண்டும் தங்கள் பக்கம் திரும்புகிறோம், அம்மையீர்! எழுந்து போகாமல் இருந்தமைக்கு நன்றி. கண்ணைத் துடைத்துக்கொள்வதை நாங்கள் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பதவி வந்து பாராட்டாத போதும் பணியைப் பழுதறச் செய்த பண்பினரே! தலைமை நாற்காலியில் தாங்கள் அமராததால் தாழ்ந்தது தாங்கள் அல்ல, நாற்காலிதான்! கூரை இன்றும் ஒழுகுகிறது. கழிப்பறை இன்னும் கட்டப்படவில்லை. தாங்கள் அமர்ந்திருந்தால் கட்டியிருப்பீர்கள் என்பதை மேடையில் இருப்போர் காது குளிரக் கேட்கட்டும் என்றே இங்கே உரக்க வாசிக்கிறோம்.

இனி நாங்கள் செய்யப்போவதைச் சொல்கிறோம். தங்கள் இடத்துக்குப் புதிய அறிவியல் ஆசிரியர் வரும்வரை, பத்தாம் வகுப்பின் அந்தப் பீரியட் தமிழுக்குத் தரப்பட்டிருக்கிறது. திருப்புதல் நடத்தத் தந்தார்கள். எதுகை மோனை தவிர வேறொன்றும் அறியாத செந்தூர்பாண்டி, வருகிற திங்கட்கிழமை மணற்பெட்டியைத் திறப்பார். கடற்கரையில் அல்ல, வகுப்பில், வளாகத்துக்குள். மடலில் எழுத வேண்டும், ஆட்டத்தைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று அவர் போன சனிக்கிழமை தங்களிடம் வந்து நின்றது எதற்காக என்று இப்போது விளங்கியிருக்கும். அவர் கொத்திய வேகத்தில் கொத்துகிற காக்கை அன்று சாயங்காலத்துக்குள் பட்டினியால் செத்திருக்கும் என்று தாங்கள் தீர்ப்பளித்தீர்கள். பரவாயில்லை, பிள்ளைகள் கொத்துவார்கள், அவர் கைதட்டுவார். விடையை முன்கூட்டியே சார்ட்டில் எழுதி வைக்கமாட்டார், அது உறுதி.

நயினார் அண்ணாச்சி அவர்களையும் அந்த வகுப்புக்கு அன்போடு அழைக்கிறோம். முதல் வரிசையில் ஒரு காக்கைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். சங்கு வியாபாரக் கைக்கு எந்தச் சிப்பி அகப்படுகிறது என்று பார்க்கப் பிள்ளைகள் ஆவலாக இருக்கிறார்கள்.

நூறாண்டு வாழ்க என்று முடிப்பது மரபு. அப்படி எழுதினால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். ஆகையால் இப்படி வேண்டுகிறோம்: கண் பார்வை மங்காமல், கால் வலி வராமல், கோபம் குறையாமல், மணப்பாட்டுக் குன்றேறிச் சிலுவைநாதர் கோயிலில் திருநாள் காணும் வலுவோடு, வேண்டாதவர்களுக்கு வேண்டிய கேள்விகளைக் கேட்டுக்கொண்டே நெடுங்காலம் இருங்கள்!

மடலுக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டாகிவிட்டது. ஆனால் வழக்கம்போல் தங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப் போவதில்லை; மாலையும் சால்வையும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். ஆய்வுக்கூடக் கதவில் தொங்கிய உத்தரவை இன்று காலை கழற்றி, தூசி துடைத்து, தாளாளர் அறை மேசையில் மரியாதையாக வைத்துவிட்டோம். இந்த விழா முடிந்ததும் எல்லாருமாக நடந்துபோய் அதே இடத்தில் இந்த மடலை மாட்டப் போகிறோம். சுத்தியல் கூட வேண்டாம், ஆணி அடித்துத் தந்தவர்கள் நிர்வாகத்தார். கீழே கையெழுத்திட்டிருப்பவர்களில் இன்னும் வேலை நிரந்தரமாகாத இருவரும் உண்டு. வேண்டாம், உங்களுக்கு ஆபத்து என்று எடுத்துச் சொன்னோம். பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டார்கள்.

ராஹிலா கேட்ட கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை, டீச்சர். வரும்வரை அந்த ஆணி எங்களுடையது.

இங்ஙனம்,
பெயர் மறைக்காமல் கையெழுத்திடும்
வடதுறை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும்
தூத்துக்குடி